கம்பி வேலிக்கு வெளியே நின்று எடுத்த படங்கள்

என் கணினியில் ஒரு படம் இருக்கிறது. முன்னால் ஆரஞ்சு நிறக் கூம்புகள், அதற்குப் பின்னால் ஆளுயரக் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் சரளைக்கல் கொட்டி மட்டம் செய்த வெற்று மனை. கடைசியில் ஒரு செங்கல் சுவர். பக்கத்துக் கட்டடத்தை இடித்ததால்தான் அது வெளியே தெரிகிறது. போய்விட்ட கட்டடத்தின் மாடிப்படி ஏறிய தடம் அதில் சாய்கோடாகப் பதிந்திருக்கிறது. மேகமூட்டம். ஆள் நடமாட்டம் இல்லை. எந்தப் போட்டிக்கு அனுப்பினாலும் முதல் சுற்றிலேயே கழித்துவிடுவார்கள்.

நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்தப் படத்தைத்தான். இடிந்த தேவாலயக் கோபுரத்தை எல்லோரும் பார்த்தாயிற்று. ஆனால் 2011 பிப்ரவரிக்குப் பிறகு இந்த ஊரில் இருந்தவர்களின் கண்ணில் வருடக்கணக்காகப் பட்டுக்கொண்டே இருந்தது கூம்பும் வேலியும் சரளையும்தான். அதில் செய்தி எதுவும் இல்லை என்பதால் பெரிய கேமராக்கள் அதன் பக்கம் அதிகம் திரும்பவில்லை. அதை விடாமல் எடுத்தவர்கள் வேலைக்குப் போகிற வழியில் நின்றவர்கள், நாயோடு நடக்கப் போனவர்கள், ஓய்வுபெற்றவர்கள், மாணவர்கள். அவர்கள் மட்டும் எடுக்காமல் விட்டிருந்தால் இந்த நகரத்தின் சரித்திரத்தில் சில வருடங்கள் அப்படியே காணாமல் போயிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010 செப்டம்பர் 4, விடிகாலை 4.35. நகரத்துக்கு மேற்கே, டார்ஃபீல்டுக்குப் பக்கத்தில் 7.1 அளவில் முதல் நிலநடுக்கம். எல்லோரும் படுக்கையில் இருந்த நேரம். புகைபோக்கிகள் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தன. பழைய செங்கல் கட்டடங்களின் முகப்புகள் ஆளில்லாத தெருவில் சரிந்தன. இடிபாட்டில் சிக்கி யாரும் சாகவில்லை. தப்பித்தோம் என்று ஊரே மூச்சுவிட்டது. அடுத்தது 2011 பிப்ரவரி 22, செவ்வாய்க்கிழமை, மதியம் 12.51. அளவு 6.3தான். ஆனால் மையம் லிட்டல்டனுக்குப் பக்கத்தில், நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டரில் இருந்தது. ஆழமும் சுமார் 5 கிலோமீட்டர் மட்டுமே. ஹீத்கோட் பள்ளத்தாக்கில் தரை மேலும் கீழுமாகக் குலுங்கிய முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தின் இரண்டு மடங்கைத் தாண்டியது. மதியச் சாப்பாட்டு நேரம் என்பதால் தெருவெல்லாம் ஆட்கள். 185 பேர் இறந்தார்கள். அவர்களில் 115 பேர், சிடிவி என்ற உள்ளூர்த் தொலைக்காட்சி நிறுவனம் இயங்கிய கட்டடத்தில் இருந்தவர்கள். அங்கே நடந்த மொழிப்பள்ளியில் ஆங்கிலம் படிக்க வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் அதில் பலர். அந்தக் கட்டடம் நின்றது மெட்ராஸ் தெருவில். இங்கே மையத் தெருக்களுக்கு ஆங்கிலிக்கன் மறைமாவட்டங்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள், அதனால் கொலம்போ தெருவும் உண்டு, மெட்ராஸ் தெருவும் உண்டு. புதிதாக வந்தபோது அந்தப் பெயர்ப்பலகைகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். இப்போது மெட்ராஸ் தெரு என்று யாராவது சொன்னால் எனக்கு வேறெதுவும் நினைவுக்கு வருவதில்லை.

அன்றைக்கு எடுத்த படங்களில் ஒன்று உலகம் முழுக்கப் போனது. போர்ட் ஹில்ஸ் மலைமேலிருந்து கீழே பார்த்து எடுத்தது. நகர மையத்தின் மேல் தூசி ஒரே திரளாக எழும்பி நிற்கும், சுற்றிலும் புறநகர்கள் எப்போதும்போல வெயிலில் கிடக்கும். நடுக்கம் முடிந்த கொஞ்ச நேரத்திலேயே, மலைமேல் இருந்த பொதுமக்களில் ஒருவர் எடுத்தது அது. அந்தத் தூசி கொஞ்ச நேரத்தில் கலைந்துவிட்டது. கட்டடங்கள் விழுந்ததை யாரும் ஒருசேரப் பார்க்கவில்லை, ஆனால் விழுந்தது எவ்வளவு என்பதை அந்தத் தூசி காட்டிவிட்டது.

முதல் சில நாட்கள் படத்துக்குப் பஞ்சமே இல்லை. மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையில் 9.0 அளவு நிலநடுக்கமும் சுனாமியும் வந்ததும், உலகத்தின் கவனம் அங்கே போய்விட்டது. போகத்தான் வேண்டும். இங்கே எங்களோடு இடிபாடுகளில் தேடிக்கொண்டிருந்த ஜப்பானிய மீட்புக் குழுவினருக்கே சொந்த நாட்டில் அப்படி ஓர் அழிவு. அதன் பிறகு கிரைஸ்ட்சர்ச்சுக்கு என்ன ஆனது என்று வெளியே இருந்தவர்களுக்குத் தெரியாது. உள்ளே இருந்த எங்களுக்கே பாதிதான் தெரியும், ஏனென்றால் நகர மையம் முழுவதையும் வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். ராணுவம் காவல் நின்றது. 2013 ஜூன் கடைசியில்தான் அந்த வேலி முழுமையாக எடுக்கப்பட்டது. இரண்டு வருடத்துக்கும் மேல், எங்கள் நகரத்தின் நடுப்பகுதியை நாங்கள் கம்பி வழியாகத்தான் பார்த்தோம்.

வேலியைச் சுற்றி நடப்பது அப்போது ஊரில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. நாங்கள் ரிக்கர்டன் பக்கம் இருந்தோம், வார இறுதிகளில் நானும் போவேன். அங்கேதான் அந்த அங்கிளைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கையில் சட்டைப் பைக்குள் அடங்குகிற சின்ன டிஜிட்டல் கேமரா. எல்லோரும் வேலியை ஒட்டி நடந்துகொண்டே கண்ணில் பட்டதை எடுப்பார்கள். அவர் மட்டும் சில இடங்களில் நின்று, காலைப் பார்த்துச் சரிசெய்துகொண்டு எடுப்பார்.

"போன வாரமும் இங்கேதானே எடுத்தீங்க அங்கிள்?"

"ஓம் பிள்ளை. இந்தக் கான் மூடியில இடக்காலை வச்சுத்தான் எப்பவும் எடுக்கிறனான். அங்க பாரும், அந்த ஹோட்டல். போன கிழமையவிட ஒரு மாடி குறைஞ்சிட்டுது. வடிவாப் பாத்தாத்தான் தெரியும்."

கான் என்று அவர் சொன்னது சாக்கடையை. அவர் காட்டியது ஹோட்டல் கிராண்ட் சான்சலரை. 26 மாடி. பிப்ரவரியில் ஒரு பக்கம் சரிந்து, விழுந்துவிடுமோ என்று சுற்றுவட்டாரத்தையே காலி செய்ய வைத்த கட்டடம். அதை வெடி வைத்துத் தகர்க்காமல் மேலிருந்து மாடி மாடியாகக் கழற்றினார்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது குறைவதே தெரியாது. ஒரு நாள் அந்தப் பக்கம் பார்த்தபோது வானம் மட்டும் இருந்தது. எப்போது போனது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. அங்கிளின் படங்களை வரிசையாகத் தட்டிப் பார்த்தால் அது ஒவ்வொரு மாடியாக இறங்குகிறது.

அவரிடம் கற்றுக்கொண்டவை நிறைய. வேலிக் கண்ணியோடு லென்ஸை ஒட்டிவைத்தால் கம்பி படத்தில் விழாது. பெரிய கேமராக்காரர்கள் இதற்குப் படாதபாடு படுவார்கள், சின்ன லென்ஸ் அழகாக உட்கார்ந்துகொள்ளும். ஜூம் பண்ணக் கூடாது. பண்ணினால் அடுத்த முறை அதே அளவு வராது. எங்கே நின்றோம் என்பதற்குக் காலடியில் ஓர் அடையாளம் வேண்டும். எதைப் பார்த்து நின்றோம் என்பதற்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு பொருள்கள் ஒரே கோட்டில் வரவேண்டும், உதாரணமாக விளக்குக்கம்பத்தின் விளிம்பும் அதற்குப் பின்னால் ஒரு ஜன்னலின் ஓரமும். ஓரடி தள்ளி நின்றாலும் அந்தக் கோடு கலைந்துவிடும். பழைய படத்தை வைத்துக்கொண்டு அதே இடத்தைக் கண்டுபிடிக்கிறவர்கள் உலகமெங்கும் செய்வது இதைத்தான்.

ஆனால் கிரைஸ்ட்சர்ச்சில் இந்த முறை பாதியிலேயே கைவிட்டது. பின்னால் இருந்த ஜன்னல் போகும், அடுத்த மாதம் கட்டடமே போகும், அப்புறம் முன்னால் இருந்த கம்பத்தையும் பிடுங்கிவிடுவார்கள். நகர மையத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை இடித்தார்கள். எதை வைத்துக் கோடு பிடிப்பது? கடைசியில் மிஞ்சியவை நடைபாதை விளிம்புக் கல், தார்ச்சாலையில் பதிந்த டிராம் தண்டவாளம், சாக்கடை மூடிகள், தெற்கே போர்ட் ஹில்ஸின் மேல்விளிம்பு. அதிலும் மலையின் விளிம்புதான் நம்பகமானது. முன்பெல்லாம் மையத் தெருக்களில் நின்றால் கட்டடங்கள் மலையை மறைக்கும். அவை விழுந்த பிறகு எங்கே நின்றாலும் மலை தெரிந்தது. அந்த மேடு பள்ளங்களை வைத்து, தலைப்பில்லாத படங்கள் எந்தத் தெருவிலிருந்து எடுக்கப்பட்டவை என்று கண்டுபிடிக்கலாம். நிழலும் உதவும். இங்கே நடுப்பகல் சூரியன் வடக்கில் நிற்கும், நிழல் தெற்கே விழும். இதைப் பழகிக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் ஆனது.

தேதி ஏன் முக்கியம் என்பதற்கு தேவாலயத்தையே எடுத்துக்கொள்ளலாம். பிப்ரவரி 22 அன்று கோபுரம் விழுந்தது. மேற்கு முகப்பில் இருந்த வட்டமான ரோஜாச் சாளரம் அப்போது தப்பித்தது. அதைக் காப்பாற்ற வெளியே இரும்புச் சட்டம் கட்டி முட்டுக் கொடுத்தார்கள். ஜூன் 13 அன்று வந்த பெரிய பின்னதிர்வில் சாளரத்தின் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. டிசம்பர் 23 அன்று இன்னும் கொஞ்சம் போனது. 'இடிந்த தேவாலயம்' என்று மட்டும் எழுதிய ஒரு படம் இதில் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்பது அந்தச் சாளரம் தெரிந்தால்தான் புரியும். நிலநடுக்கம் என்று ஒருமையில் சொல்கிறோம், ஆனால் எங்களுக்கு அது ஆயிரக்கணக்கான அதிர்வுகளாக வந்துகொண்டே இருந்தது. படங்களும் அப்படித்தான், ஒவ்வொன்றும் இரண்டு அதிர்வுகளுக்கு நடுவில் எடுத்தது.

இந்தக் கோபுரத்துக்குப் பழைய படங்களும் உண்டு. 1881இல் தேவாலயம் திறந்து ஒரு மாதத்துக்குள்ளேயே ஒரு நடுக்கம் கோபுர உச்சியில் ஒரு கல்லை நகர்த்தியது. 1888 செப்டம்பர் 1 அன்று வடக்கு கேன்டர்பரி நிலநடுக்கத்தில் உச்சியில் சுமார் 8 மீட்டர் ஒடிந்து விழுந்தது. திரும்பக் கட்டினார்கள். 1901இல் செவியட் நிலநடுக்கத்தில் மறுபடி சேதம். அந்த முறை கல்லை விட்டுவிட்டு, உச்சியை மரத்தில் செய்து செப்புத் தகடு போர்த்தினார்கள். 1888இன் முனை ஒடிந்த கோபுரத்தைக் காட்டும் படங்கள் நூற்றாண்டுக்கும் மேலாகப் பத்திரமாகவே இருக்கின்றன. இருந்தும் நிலநடுக்கம் என்றால் அது தலைநகர் வெலிங்டனுக்கு வருவது, நமக்கில்லை என்றுதான் 2010 வரை இங்கே பலர் நினைத்திருந்தார்கள். எனக்கு இதில் இன்னும் ஆறாத வருத்தம் உண்டு. படத்தை எடுத்து வைத்தால் மட்டும் போதாது, அதை அடிக்கடி வெளியே எடுத்துக் காட்டவும் ஆள் வேண்டும்.

நகரத்தின் கிழக்குப் பக்கத்துப் படங்கள் வேறு மாதிரி. அங்கே கட்டடத்தைவிட மண்தான் பேசியது. கிரைஸ்ட்சர்ச் சதுப்பு நிலத்திலும் ஆற்று வண்டலிலும் எழும்பிய ஊர். நீர் ஊறிய நொய்ம்மணல் குலுங்கும்போது மணிகளுக்கு இடையே இருந்த பிடிப்பு விட்டுப்போகிறது. சுமையைத் தண்ணீர் தாங்க வேண்டியதாகிறது, அழுத்தம் ஏறுகிறது, கொஞ்ச நேரத்துக்குத் தரையே குழம்பாகிவிடுகிறது. எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே சாம்பல் நிறச் சேறும் தண்ணீரும் பீறிட்டு மேலே வரும். ஏவன் ஆற்றங்கரை நெடுக அதுதான் நடந்தது. கார்கள் மூக்கு புதைந்து நின்றன. தரைக்கடியில் இருந்த சாக்கடைத் தொட்டிகள் மிதந்து சாலைக்கு மேலே தலை நீட்டின. கரைகள் ஆற்றை நோக்கி நகர்ந்ததில் மெட்வே தெரு நடைபாலம் துணி முறுக்கியதுபோல் திருகிக்கொண்டது.

அந்த நாட்களில் மக்கள் எடுத்த படங்களில் எனக்குப் பிடித்தவை, அளவு தெரிகிற படங்கள். சேற்றில் குத்தி நிறுத்திய மண்வெட்டி, பாதி புதைந்த தபால்பெட்டி, முழங்கால்வரை சேற்றில் நிற்கிற மாணவர். கேன்டர்பரி பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஃபேஸ்புக்கில் கூப்பிட்டதில் தொடங்கிய மாணவர் தொண்டர் படை, ஆயிரக்கணக்கில் வந்து தெருத்தெருவாகச் சேற்றை வாரியது. வாரிய சேறு லட்சக்கணக்கான டன். வீட்டு முன்னால் அது குவிந்து கிடக்கும், காய்ந்ததும் தூசியாகப் பறக்கும். நாற்றத்தைப் படம் காட்டாது. ஆனால் ஒரு வீட்டுக்காரர் அட்டையில் கையால் எழுதி வேலியில் கட்டி வைத்திருந்ததைப் படமெடுத்து வைத்திருக்கிறேன்: மெதுவாகப் போங்கள், உங்கள் கார் கிளப்பும் அலை எங்கள் வீட்டுக்குள் வருகிறது.

இன்னொன்று கழிப்பறை. சாக்கடைக் குழாய்கள் உடைந்ததால் கிழக்குப் பகுதியில் மாதக்கணக்கில் தெருமுனைப் பிளாஸ்டிக் கழிப்பறைகள்தான். அவையும் போதவில்லை. பலர் தோட்டத்தில் குழி வெட்டி, தார்ப்பாய் கட்டி, பழைய நாற்காலியில் ஓட்டை போட்டு, தாங்களே செய்துகொண்டார்கள். சிலர் பூச்சாடி வைத்தார்கள், புத்தக அலமாரி வைத்தார்கள், அதைப் படமெடுத்து இணையத்தில் ஒருவருக்கொருவர் காட்டினார்கள். அந்தப் படங்களைப் பார்க்கும்போது இந்த ஊர்க்காரர்கள்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. எந்த அரசு அறிக்கையும் அந்த மாதங்களை இவ்வளவு நேராகச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக்குச் சேதம் குறைவு. கூடத்துச் சுவரில் மூலையிலிருந்து ஜன்னல்வரை ஒரு விரிசல் மட்டும். அது பழைய விரிசல் என்று காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்தவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்தச் சுவருக்கு முன்னால் நிற்க வைத்து எடுத்த பிள்ளையின் பிறந்தநாள் படம் ஒன்று இருந்தது, 2010 ஜூலையில் எடுத்தது. படத்தில் பலூனுக்குப் பின்னால் சுவர் முழுசாக இருந்தது. அதை அனுப்பிய பிறகுதான் பேச்சு மாறியது. அதற்கப்புறம் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தேன், விரிசலைப் படமெடுக்கும்போது பக்கத்தில் அளவுகோல் ஒன்றை வையுங்கள், பழைய ஆல்பங்களில் பின்னணியைத் தேடுங்கள் என்று.

வீடு போனவர்களுக்குப் பழைய ஆல்பம் வேறு விதத்தில் தேவைப்பட்டது. 2011 ஜூன் 23 அன்று அரசாங்கம் கிழக்குப் பகுதி நிலங்களைப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று பிரித்து அறிவித்தது. அடுத்தடுத்த அறிவிப்புகளோடு சேர்த்து ஏறக்குறைய 8,000 வீடுகள் சிவப்பில் விழுந்தன. அந்த மண்ணில் திரும்பக் கட்டுவது வீண் என்று முடிவானது. அரசாங்கம் வாங்கிக்கொண்டது, குடும்பங்கள் கிளம்பின, வீடுகளை இடித்து மண்ணைச் சமன்செய்து புல் விதைத்தார்கள். பெக்ஸ்லியில் இருந்த எங்கள் சிநேகிதி ஒருத்தி தன் வீட்டின் முகப்புப் படத்தைத் தேடினாள். அவளிடம் இல்லை. தினமும் பார்க்கிற வாசலை யார் படமெடுத்து வைப்பார்கள்? கடைசியில் எதிர்வீட்டுக்காரர் புதிதாக வாங்கிய காரை எடுத்த படத்தில், காருக்குப் பின்னால் அவள் வீடு கிடைத்தது. அவளுடைய அம்மா தொட்டியில் வளர்த்த ரோஜாகூட ஓரத்தில் தெரிந்தது.

அந்த நிலம் இப்போது ஆற்றங்கரை நெடுகப் பரந்த புல்வெளி. சில தெருக்கள் இன்னும் இருக்கின்றன, வீடுகள் இல்லை. வேலி இருந்த வரிசையில் மரங்கள் நிற்கின்றன, பழ மரங்களில் காய்ப்பு இருக்கிறது, செப்டம்பரில் டாஃபடில் பூக்கள் யாரோ ஒருவருடைய பழைய பாத்தி வடிவத்திலேயே பூக்கின்றன. இதையும் வருடா வருடம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல வேலை செய்கிறார்கள்.

மக்கள் வீட்டு முன்னால் நின்று படமெடுப்பது சரியா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. கார் கண்ணாடியை இறக்கி, வண்டியை நிறுத்தாமலேயே எடுத்துக்கொண்டு போனவர்களைப் பார்த்துக் குடியிருந்தவர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. 2011 இறுதியில் வேலிக்கு உள்ளே பேருந்தில் அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார்கள், அதிலும் படமெடுப்பதா வேண்டாமா என்று தயங்கினவர்கள் இருந்தார்கள். அங்கிளுக்கு இதில் கறாரான முறை உண்டு. ஆள் குடியிருக்கும் வீடு என்றால் கேட்டுத்தான் எடுப்பார். அழுகிறவரை எடுக்க மாட்டார். எடுத்ததை வீட்டுக்காரருக்கு ஒரு பிரதி கொடுப்பார். "கேட்டா ஆரும் மாட்டன் எண்டு சொன்னதில்லை பிள்ளை. கேக்காம எடுத்தாத்தான் கோவம் வரும்" என்பார். அவர் படங்களில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் வீட்டுக்காரர்கள் நிறைய. தங்கள் சேதத்தைத் தாங்களே விரலால் சுட்டிக் காட்டிக்கொண்டிருப்பார்கள். தூரத்திலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் இது கிடைக்காது.

இடிபாட்டுக்கும் புதுக் கட்டடத்துக்கும் நடுவில் இங்கே இன்னொரு நகரம் இருந்தது. எனக்கு அந்த நகரத்தின்மேல்தான் அளவு கடந்த பிரியம். 2011 அக்டோபரில் கேஷல் தெருவில் கப்பல் கன்டெய்னர்களுக்குப் பளிச்சென்று வர்ணமடித்து, அடுக்கி, அதற்குள் கடைகளைத் திறந்தார்கள். சம்னர் போகும் வழியில் மலையிலிருந்து பாறை உருளாமல் தடுக்க, சாலையோரம் அதே கன்டெய்னர்களை மதில்போல நிறுத்தினார்கள். கேப் ஃபில்லர் என்ற அமைப்பினர் காலி மனைகளை எடுத்து ஏதாவது செய்துகொண்டே இருந்தார்கள். ஒரு மனையில் நீல நிறச் சரக்குப் பலகைகளை மூவாயிரத்துக்கும் மேல் அடுக்கி ஓர் அரங்கம் கட்டினார்கள். இன்னொரு மனையில் நாணயம் போட்டால் ஓடும் பழைய துணி துவைக்கும் இயந்திரத்தைப் பாட்டுப் பெட்டியாக மாற்றினார்கள். இரண்டு டாலர் போட்டு, நம் கைபேசியைச் செருகி, நடு ஊரில் ஆடலாம். அக்கம்பக்கம் கட்டடம் இல்லாமல் வெளியே தெரிந்த சுவர்களில் பிரம்மாண்டமான ஓவியங்கள் வந்தன. ஷிகெரு பான் வடிவமைத்த அட்டைக்குழாய்த் தேவாலயம் 2013 ஆகஸ்டில் திறந்தது. அதே சுற்றுவட்டாரத்தில், இறந்தவர்களின் நினைவாக 185 வெள்ளை நாற்காலிகள், ஒன்றுக்கொன்று வேறு மாதிரி, ஒரு குழந்தை இருக்கையும் சேர்த்து.

இவற்றில் பெரும்பாலானவை தற்காலிகமாகவே வந்தவை. பலகை அரங்கத்தை 2014இல் பிரித்துவிட்டார்கள். கன்டெய்னர் கடைகள் இடம் மாறி, குறைந்து, போய்விட்டன. ஓவியங்கள் பலவற்றை, பக்கத்தில் எழுந்த புதுச் சுவர்கள் மறைத்துவிட்டன. பழைய தேவாலயத்துக்கு வரைபடங்கள் இருக்கின்றன, புதிய நூலகத்துக்கும் இருக்கின்றன. நடுவில் இருந்த அந்த நகரத்துக்கு எங்கள் படங்களைவிட்டால் பெரிதாக ஆதாரம் கிடையாது. டூரங்கா நூலகம் 2018இல் திறந்தபோது அதன் பளபளப்பை எல்லோரும் எடுத்தார்கள். அந்தச் சுற்றுவட்டாரம் எத்தனை வருடம் வெறிச்சோடிக் கிடந்தது என்பது வேலியோரம் எடுத்த மங்கலான படங்களில்தான் இருக்கிறது. மீட்சி என்பதை ஒரு திறப்பு விழாவாக மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், காத்திருந்தவர்களின் காலம் கணக்கிலேயே வராது.

இந்தப் படங்கள் எங்கே போய்ச் சேரும் என்பதுதான் எனக்கு இப்போதுள்ள கவலை. கேன்டர்பரி பல்கலைக்கழகம் சீஸ்மிக் என்ற பெயரில் ஒரு டிஜிட்டல் காப்பகம் தொடங்கி, நிறுவனங்களிடமிருந்தும் பொதுமக்களிடமிருந்தும் படங்களையும் கதைகளையும் சேர்த்தது. ஒரு கன்டெய்னருக்குள் ஒலிப்பதிவுக் கூடம் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோய் மக்களைப் பேசவைத்துப் பதிவும் செய்தார்கள். நகர நூலகமும் மக்களிடம் படம் கேட்டு வாங்கிச் சேர்க்கிறது. நல்ல காரியம். ஆனால் அங்கே போய்ச் சேராதவைதான் அதிகம் என்று நினைக்கிறேன். 2011இல் எடுத்த படங்கள் பழைய கைபேசிகளிலும், இனி எந்தக் கணினியிலும் திறக்காத வட்டுகளிலும், மறந்துபோன கணக்குகளிலும் கிடக்கின்றன. இடத்தை வரைபடத்தில் குறித்துப் படம் போடுவதற்குப் பனோரமியோ என்று ஒரு தளம் இருந்தது, 2016இல் மூடிவிட்டார்கள். அந்தக் காலக் கேமராக்களில் பாதியில் கடிகாரத்தைக்கூட யாரும் சரியாக வைத்ததில்லை, அதனால் கோப்பில் பதிந்திருக்கும் தேதியை அப்படியே நம்பவும் முடியாது.

படம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அழகானதைப் பொறுக்கி எடுத்து மிச்சத்தை அழிக்காதீர்கள். மங்கலானது, கோணலானது, விரல் மறைத்தது எல்லாம் இருக்கட்டும். எழுத முடிந்ததை எழுதுங்கள், தெரு, எந்தத் திசை பார்த்து, ஏறக்குறைய எந்த மாதம், அங்கே முன்பு என்ன இருந்தது. கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இப்போது பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளைகளுக்கு விழுவதற்கு முந்தைய நகரம் தெரியாது. என் மகனுக்குத் தேவாலயம் என்றால் வேலிக்குள் நிற்கும் ஓர் உடைந்த கட்டடம், அவ்வளவுதான். அதைச் சீரமைப்பதென்று 2017இல் முடிவானது, வேலையும் நடந்தது, பணம் போதாமல் 2024இல் நிறுத்திவிட்டார்கள். அங்கே இன்றைக்கும் யாராவது ஒருவர் வேலியோடு லென்ஸை ஒட்டி வைத்து எடுத்துக்கொண்டிருப்பார்.

அங்கிளுக்கு இப்போது நெடுந்தூரம் நடக்க முடிவதில்லை. போன வருடம் தன்னுடைய ஹார்ட் டிஸ்க்கை என்னிடம் கொடுத்து, நூலகத்துக்குக் கொடுக்கிற மாதிரி ஒழுங்கு பண்ணித் தரச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்க்கிறோம். அவர் தெருவைச் சொல்வார், நான் தட்டெழுதுவேன். அவருக்கு நினைவில்லாதபோது மலை விளிம்பை வைத்துத் தேடுவோம். 2011 முடித்தாயிற்று. 2012 குளிர்காலப் படங்கள்தான் இப்போது கையில் இருக்கின்றன. அதில் லிச்ஃபீல்டு தெருவுக்கும் டுவாம் தெருவுக்கும் நடுவில் எடுத்தவற்றில் பல எங்களுக்குப் பிடிபடவில்லை. அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கூட உட்கார்ந்தால் சீக்கிரம் முடியும்.